ஜன்னலோர மெஷின்

"அக்கா, இன்னிக்காவது சொல்லிடுங்க. புது வருஷத்துக்கும் அந்த மனுஷனைக் கூட்டிக்கிட்டுப் போகப் போறீங்களா?" என்றாள் சரளா, கரும்பலகையில் '1973 வருக' என்று எழுதிக்கொண்டே.

ஞானஜோதி ஜன்னலோர மெஷினைப் பார்த்தாள்.

லாசரஸ் சார் டைப் அடித்துக்கொண்டிருந்தார். அடித்தார் என்பதைவிட இடித்தார் என்பதே சரி. இரண்டே விரல். ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் பிடித்து, குறும்பு செய்த பிள்ளையைக் குட்டுவது போல ஒரு குட்டு. கீழே பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்கள்கூட அண்ணாந்து பார்ப்பார்கள்.

மேற்குத் தாம்பரத்தில் அவள் ஜோதி டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் தொடங்கி நாலு வருஷம். லாசரஸ் சார் அதில் லோயர் கிரேடு பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கியும் நாலு வருஷம். அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் லோயர் முடித்து, ஹயர் முடித்து, வேலையும் கிடைத்து, கல்யாணப் பத்திரிகை வைத்துவிட்டுப் போனார்கள். அவர் இன்னும் 'ஏ' எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார்.

"இந்தத் தடவை பரீட்சை எழுதலாமா சார்?" என்று கேட்டால், "விரல் இன்னும் படியலேம்மா. அடுத்த தடவை பார்ப்போம்" என்பார்.

ஏதோ ஆபீஸில் ரிடையராகி, சிட்லபாக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்தவர். இனிமேல் லோயர் பாஸ் பண்ணி எந்த ஆபீஸை ஆளப் போகிறார்?

"காலேஜ் பொண்ணுங்க இடமில்லாம திரும்பிப் போறாங்க. நல்ல வெளிச்சத்துல இருக்கிற மெஷினை இவர் பிடிச்சு வெச்சுக்கிட்டிருக்கார்" என்றாள் சரளா. இன்ஸ்ட்ரக்டர் வேலை பார்ப்பவள். அவர் அடித்த தாளைத் திருத்தித் திருத்தியே சிவப்பு மை தீர்ந்துவிடுகிறது என்பது அவள் புகார்.

"நம்ம முதல் ஸ்டூடண்டுடி அவர்."

"இருக்கட்டுமே. மார்க்குல கடைசி ஸ்டூடண்டும் அவர்தான்!"

ஜோதி தயங்கித் தயங்கி ஜன்னலோரம் போனாள்.

"சார்... ஒரு விஷயம்."

"சொல்லும்மா."

"ஜனவரியிலேருந்து இந்த மெஷின்... புதுசா சேர நிறையப் பேர் காத்துக்கிட்டிருக்காங்க. நீங்க தப்பா நினைக்கக் கூடாது..."

தூக்கிய விரல் அப்படியே நின்றது.

"என்னைப் போகச் சொல்றியா?"

அவள் தரையைப் பார்த்தபடி தலையசைத்தாள்.

"அப்பாடா! ஸ்தோத்திரம்!" என்று எழுந்தார் லாசரஸ் சார். லாங் பெல் அடித்ததும் பையைத் தூக்குகிற பள்ளிக்கூடத்துப் பிள்ளை தோற்றுப்போகும், அத்தனை உற்சாகம்.

ஜோதிக்குச் சுருக்கென்றது. நாலு வருஷம் முகம் சுளிக்காமல் சொல்லிக் கொடுத்தாளே, கிளம்புவதில் இவ்வளவு சந்தோஷமா?

சாயங்காலம் வருஷக் கடைசி நன்றிக் கூட்டம். பெஞ்சுகள் நிறைந்து, மாடிப்படி வரை கூட்டம். பட்டணத்தில் ஒரு கம்பெனியில் சூப்பரிண்டெண்டாக இருக்கும் வில்பிரட் சார்தான் சிறப்பு விருந்தினர். எலெக்ட்ரிக் டிரெயின் தாமதம் என்று வியர்க்க விறுவிறுக்க வந்து உட்கார்ந்தார்.

ஜோதி பேச எழுந்தாள்.

"மூணு பழைய மெஷினோட ஆரம்பிச்சேன். இன்னிக்கு இடம் போதலை. நாலு பேர் முன்னால வாய் திறக்கவே பயந்தவ, இப்ப இத்தனை பேர் முன்னால நிக்கிறேன். கர்த்தருக்கு நன்றி. மெஷின் ரிப்பேர் பார்க்கிற எத்திராஜுக்கு நன்றி. மாடியை வாடகைக்கு விட்ட துளசிங்கம் முதலியாருக்கு நன்றி. மத்தபடி, கை கொடுக்க ஒருத்தரும் இல்லாம, முழுக்க முழுக்க சொந்த உழைப்பில வளர்ந்தேன்!"

பலத்த கைதட்டல். கடைசி பெஞ்சில் லாசரஸ் சாரின் கைதட்டல் மட்டும் தனியாகக் கேட்டது.

அடுத்துப் பேச எழுந்த வில்பிரட், கடைசி பெஞ்சைப் பார்த்ததும் பேச்சை மறந்தார்.

"சார்! நீங்க எங்கே சார் இங்கே?"

லாசரஸ் சார் மடியிலிருந்த போண்டாத் தட்டை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார். "சும்மாதான்... போண்டா நல்லாயிருக்கும்னாங்க, வில்பிரட்."

"எங்க ஸ்டூடண்ட் சார் அவர்" என்றாள் ஜோதி, கூச்சத்தோடு. "லோயர். இன்னும்... முடிக்கலை."

வில்பிரட் சிரித்த சிரிப்பில் மேஜைமேல் இருந்த சோடா பாட்டில் ஆடியது.

"லோயரா! எங்க ஆபீஸ்ல ஹெட் டைப்பிஸ்டா இருந்தவரும்மா இவர்! கண்ணை மூடிக்கிட்டு அடிப்பார், ஒரு தப்பு இருக்காது. எனக்கு டைப்பிங் கத்துக் கொடுத்ததே இவர்தான்!"

சரளாவின் வாய்க்குப் போன போண்டா பாதி வழியில் நின்றது.

கூட்டம் கலைந்ததும் ஜோதி அவரைப் படியருகே பிடித்தாள்.

"ஏன் சார் இப்படிப் பண்ணீங்க?"

"நீ போர்டு மாட்டின புதுசுல தினமும் இந்தப் பக்கம் போவேன். மேலேருந்து ஒரு சத்தமும் வராது. சத்தமே கேக்காத இன்ஸ்டிடியூட்டுல யாரும்மா சேருவாங்க? அதான், ரோடு பக்கமா ஒரு மெஷினைப் பார்த்து உட்கார்ந்தேன்."

"கூட்டம் வந்த பிறகாவது நின்னிருக்கலாமே சார்?"

"நானா நின்னா எப்படி? என்னைப் போகச் சொல்ற அளவுக்கு நீ வளரணும் இல்ல?"

ஜோதிக்குக் கண் நிறைந்துவிட்டது. மேடையில் சொல்லாமல் விட்ட நன்றிக்காகக் கை கூப்பினாள்.

லாசரஸ் சார் அக்கம் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நீ ஒண்ணும் வருத்தப்படாதே. நானும் இங்கே புதுசா ஒண்ணு கத்துக்கிட்டேன். முப்பது வருஷம் ஒழுங்கா அடிச்ச கை பாரு... தப்பா அடிக்கப் பழகறதுக்குள்ளே உயிரே போயிடுச்சும்மா!"