இருமல் இல்லாத வீடு

“கொளஞ்சிநாதன் வூட்டுல யாருக்கும் இருமல் இல்லன்னு எழுதிக்க. போயிட்டு வாம்மா.”

செராமிக் தொழிலாளர்களின் நுரையீரலைப் பற்றி ஆய்வு செய்ய வந்திருந்த வாசுகி, படிவத்தை மடக்கவில்லை.

“அய்யா, நீங்க முப்பது வருசம் சூளையில நின்னவரு. அம்மா இன்னமும் காய்ஞ்ச பீங்கான் கப்பைத் தேய்க்கிற வேலைக்குப் போறாங்க. அந்தத் தூசி...”

“தூசி கம்பெனியில இருக்குது. என் வூட்டுல இல்ல. கம்பெனி ரெஜிஸ்டரைப் பார்த்து எழுதிக்க வேண்டியதுதானே?”

“பார்த்தேங்க. பத்து வருச லீவு லெட்டரு பூரா படிச்சேன். ஒருத்தருக்கும் இருமல் வந்ததில்ல. எல்லாரும் கோயிலுக்குத்தான் போயிருக்காங்க. அதான் நேர்ல கேக்க வந்தேன்.”

கதவோரம் நின்ற கொளஞ்சிநாதனின் மனைவி விருத்தாம்பாளுக்குச் சிரிப்பு வந்தது. கணவர் திரும்பிப் பார்த்ததும், “ஆமாம்மா, எங்க வூட்டுல யாருக்கும் ஒண்ணும் இல்ல” என்றாள்.

“பத்து வூட்டுலயாவது இருக்குதுன்னு தெரிஞ்சாத்தான் எக்ஸ்ரே வண்டிய இந்தத் தெருவுக்கு அனுப்புவாங்க. பேரெல்லாம் எழுத மாட்டேங்க.”

“ஞாயித்துக்கிழமை ஸ்ரீமுஷ்ணத்துலேர்ந்து எம் பொண்ணுக்குப் பூ வைக்க வராங்க. சீக்கு புடிச்ச குடும்பம்னு ஒரு வார்த்தை கெளம்புனா, தட்டோட திரும்பிப் போயிடுவாங்க. அப்புறம் நீ வந்து மாப்பிள்ளை தேடுவியா?”

வாசுகி எழுந்துகொண்டாள்.

மாலையில் அவள் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தபோது, கஞ்சி போட்ட வேட்டியில் கொளஞ்சிநாதன் விறைப்பாக வந்தார். அவள் முகத்தைப் பார்க்காமல், வரிசையாக நின்ற பஸ்களைப் பார்த்துப் பேசினார்.

“பேரு எழுத மாட்டேன்னியே, நெசமா?”

“சத்தியமாங்க.”

“அப்ப ஒண்ணு எழுதிக்க. எம் பொஞ்சாதி. நாலு மாசமா இருமுறா. எனக்குத் தெரியக் கூடாதுன்னு குழாயடிக்கு ஓடிப்போயி இருமிட்டு வரா. வண்டி வந்தா மொதல்ல அவளப் பாருங்க. நான் சொன்னேன்னு மட்டும் தெரிய வேணாம்.”

வாசுகி படிவங்களைப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் கை நின்றது.

“உங்க வூட்டுல ஒருத்தருக்கு இருக்குதுன்னு ஏற்கெனவே எழுதிட்டேங்க அய்யா. மத்தியானமே அம்மா என்னைத் தேடிக்கிட்டு அடுத்த தெருவுக்கு வந்தாங்க.”

“அவளே சொல்லிட்டாளா, தன் இருமலை?”

வாசுகி படிவத்தை மூடினாள்.

“அவங்களுக்கு இருக்குதுன்னு அவங்க சொல்லவே இல்லீங்க. டீ குடிக்கப் போறேன்னுட்டு, நீங்க தெனமும் ரயில்வே கேட்டுகிட்ட நின்னு இருமிட்டு வர்றதைத்தான் சொல்லி அழுதாங்க.”