மூன்றாவது துடிப்பு

நான்கு லட்சத்து முப்பத்தேழாயிரத்து ஐந்நூறு.

அண்ணனுடைய வலது கைக்குப் பட்டறை தர வேண்டிய நஷ்டஈடு அது. முழங்கைக்குக் கீழே போனால் இவ்வளவு என்று சட்டத்திலேயே விலை போட்டு வைத்திருக்கிறார்கள்.

ஒரு காசு வரவில்லை.

ஞாயிறு மத்தியானம் அண்ணன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். அண்ணிக்கு அந்தத் திகில் தொடர் என்றால் உயிர். வேறொரு பரிமாணத்திலிருந்து சுவரைப் பிளந்துகொண்டு ஒரு ஜந்து வரும். அதற்குக் கண் உண்டு, வாய் கிடையாது. கை மட்டும் ஆறு.

"ஆறு கையை வச்சுக்கிட்டு அது என்னத்தைக் கிழிக்குது? ஒண்ணை நம்ம வீட்டுக்குக் குடுத்தா குறைஞ்சா போயிடும்?" என்றார் அண்ணி.

அண்ணன் சிரித்தார். அவரால் சிரிக்க முடிகிறது. எனக்கு அதற்கும் சேர்த்து எரிந்தது. எரிச்சல் வந்தால் வலது கட்டைவிரல் தழும்பை நெருடிக்கொண்டிருப்பது என் வழக்கம். எப்போதோ தகரம் குறுக்கே கிழித்தது.

திரையில் ஒரு பெண் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் சுவர் விரிசல் விட்டது. ஜந்து வருமுன் அதன் இதயத் துடிப்பு வரும், அதுதான் பயங்கரம் என்று அண்ணி முன்பே சொல்லியிருந்தார்.

டக். டக். டடக்.

என் முதுகு நிமிர்ந்தது.

டக். டக். டடக்.

எங்கள் பட்டறையின் நாலாம் நம்பர் பிரஸ். தகரத்தை அழுத்தி டப்பா மூடி வெட்டும் எந்திரம். பதினோரு வருஷம் அதன் பக்கத்தில் நின்றிருக்கிறேன். சக்கரத்தில் ஒரு பல் உடைந்து, மூன்றாவது அடி எப்போதும் தடுக்கும். மாற்றுங்கள் என்று அண்ணன் மேலாளரிடம் நான்கு முறை கேட்டார். "ஓடுதுல்ல?" என்றார் அந்த ஆள்.

ஓடியது. ஒருநாள் மூன்றாவது அடி தடுக்கி, விழ வேண்டிய நேரத்துக்கு முன்னால் விழுந்தது.

அன்றைக்குப் பட்டறையில் ஒரு விருந்தாளி இருந்தான். டிவிக்காரன். பூனைவால் மாதிரி மயிர் போர்த்திய மைக்கை நீட்டி எந்திரச் சத்தமெல்லாம் பிடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு நாற்காலி, குளிர்பானம், தனியாக ஒரு மின்விசிறி. நாங்கள் அந்த மின்விசிறிக்கு மூன்று வருஷம் மனு கொடுத்தவர்கள்.

அவன் பிடித்தது எந்திரத்தை மட்டுமல்ல.

ஜந்து சுவரிலிருந்து வெளியே வந்தது. வாயில்லாத அது அலறியது.

குரலை இழுத்து, தடிக்கவைத்து, என்னென்னவோ செய்திருந்தார்கள். செய்யட்டும். சட்டையைக் கழற்றி அந்தக் கையைச் சுற்றிக் கட்டியவன் நான். எனக்குத் தெரியாதா அந்தக் குரல்?

நாங்கள் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது அவன் ஒலிப்பதிவுப் பெட்டியை அணைக்கவில்லை. நல்ல சத்தம் கிடைத்தது என்று வீட்டுக்குப் போயிருப்பான்.

"என்ன கொழுந்தனாரே, முகமே வெளுத்துப்போச்சு? டிவிப் பேய்க்கே இப்படியா?"

அண்ணன் இந்த முறை சிரிக்கவில்லை. அவருடைய இடது கை தொடையில் தட்டிக்கொண்டிருந்தது. இரண்டு அடி, ஒரு தடுக்கல்.

"நாலாம் நம்பர்டா தம்பி" என்றார். "கத்துறது நான். நான் கத்தும்போதும் அது ஓடிக்கிட்டிருக்கு, கேளு."

ஓடிக்கொண்டிருந்தது. அலறலுக்கு அடியில், நிற்காமல்.

எங்களுக்கு வேண்டியதெல்லாம் அதுதான். எந்திரம் அணைந்திருந்தது, இவர் யாரையும் கேட்காமல் உள்ளே கைவிட்டு நோண்டினார், மேல்பாகம் நழுவி விழுந்தது என்று பட்டறை சொன்னது. பக்கத்தில் நின்ற தொழிலாளியே சாட்சி என்று ஒரு கைநாட்டையும் காட்டியது. மனு தள்ளுபடி.

அண்ணி டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு எழுந்தார். ஆணியில் தொங்கிய பையிலிருந்து காகிதங்களை உருவி என் மடியில் போட்டார். தீர்ப்பும், அதோடு வந்த சாட்சி வாக்குமூலத்தின் நகலும்.

"எந்திரம் நின்னுச்சுன்னு எந்த நாய் கைநாட்டு வச்சுச்சோ, அதைக் கண்டுபிடிங்க. அந்த நாயே வந்து மாத்திச் சொல்லட்டும். இந்த வீட்டுல எழுத்துத் தெரிஞ்சவரு நீங்க ஒருத்தர்தான?"

நான் எழுத்துக் கற்றது நாற்பத்து மூன்று வயதில், தீர்ப்பு வந்த மறுமாதம். இந்தக் காகிதத்தைப் படிக்கத்தான் கற்றேன். எழுத்துக்கூட்டி முடிக்க எட்டு மாதம் ஆயிற்று. பிறகு இவர்கள் இரண்டு பேருக்கும் உரக்கப் படித்தும் காட்டினேன், கடைசி வரியை மட்டும் விட்டுவிட்டு.

தீர்ப்புக் காகிதத்தைத் திருப்பினேன். வெற்றுப் பக்கத்தில் எழுதினேன்: எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. கீழே என் பெயர். எழுத்து கோணல்தான்.

"என்னடா எழுதுற?" என்றார் அண்ணன்.

அண்ணனுக்குப் பணம் வாங்கித் தரத்தான் இது என்று சொல்லித்தான் மேலாளர் அந்தக் காகிதத்தை நீட்டினார். அதை நான் இவர்களிடம் சொல்லப்போவதில்லை. சொன்னால் கை முளைக்குமா?

பேனா முனையைக் கட்டைவிரலில் தேய்த்தேன். நீலம் பிடிக்கும்வரை தேய்த்தேன். பெயருக்குப் பக்கத்தில் அழுத்தினேன். அதோடு வாக்குமூலத்தின் கடைசிப் பக்கத்தையும் சேர்த்து அண்ணனிடம் நீட்டினேன்.

அவர் ஒற்றைக் கையால் வாங்கி, இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குனிந்தார். இதைப் பார்க்க எழுத்துத் தெரிய வேண்டியதில்லை.

ஒன்று நீலம், ஒன்று கறுப்பு. இரண்டிலும் குறுக்கே அதே தழும்பு.