பத்து மணிக் கோடு

"இந்தக் கோடு ஏன் இப்படித் தரையோட தரையா படுத்துக் கிடக்கு?" என்றான் கணவன், அவள் தோளுக்கு மேல் எட்டிக் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து.

"ரெண்டையும் ஒரே அளவுகோல்ல போட்டா அப்படித்தான். பட்டை பட்டையா நிக்கிறது உங்கப்பா எடுத்து வச்ச அடி, ஆயிரக்கணக்குல இருக்கு. கோடு அவர் நாடித்துடிப்பு, நூறைத் தொட்டாலே பெரிசு. பாவம், அது எப்படித் தலை தூக்கும்?"

அவளுக்கு மருந்துக் கம்பெனியில் புள்ளிவிவர வேலை. இன்று அரை நாள் விடுப்பு. மாமனாருக்கு இதய அறுவை சிகிச்சை முடிந்து நான்கு மாதமாகிறது. மறுபடியும் கத்தி வைக்க வேண்டுமா, வேண்டாமா என்று இன்று மாலை டாக்டர் சொல்லிவிடுவார். அதற்காகத்தான் மூன்று வாரமாக அவர் கட்டியிருந்த, அடியையும் நாடியையும் எண்ணும் வாட்சின் விவரங்களை மணிவாரியாக ஒரே படத்தில் கொண்டுவரப் பார்த்தாள்.

அவளுடைய அம்மாவும் இடுப்பெலும்பு உடைந்து, இரண்டு தெரு தள்ளி ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருந்தார். சனிக்கிழமையும் ஆபீஸ் இருந்ததால் அவளால் ஞாயிறு மட்டுமே போக முடிந்தது. அந்த உறுத்தலையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு, இங்கே மாமனாரை மாத்திரையும் கையுமாக விரட்டினாள். அவர் அவளுக்கு வைத்திருந்த பெயர் இன்ஸ்பெக்டரம்மா.

"கோட்டுக்கு மட்டும் வலது பக்கம் தனியா ஓர் அளவுகோல் கொடுத்துட்டா சரியாயிடும்," என்று கட்டளையை மாற்றிப் படத்தை மறுபடி வரையவிட்டாள்.

கோடு எழுந்தது. அவள் முகம் வாடிவிட்டது.

காலை பத்து மணிக்குப் பட்டை இருக்கும் இடமே தெரியவில்லை. நாற்பது அடி. கோடோ அதே பத்து மணிக்கு நூற்றுப் பத்தில் போய் நின்றது. நாள்வாரியாகப் பிரித்துப் பார்த்தாள். ஞாயிறு தவிர எல்லா நாளும் இதே கதைதான்.

"பத்து மணிக்கு அப்பா லைப்ரரியில உட்கார்ந்து பேப்பர்தானே படிக்கிறார்?" அவன் குரலில் சுரத்தே இல்லை.

"உட்கார்ந்த இடத்துல ஒரு மணி நேரம் நூத்திப் பத்து. இது நல்லதுக்கில்லைங்க."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் அப்பாவைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்தவள். இவரையும் விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மாமனார் உள்ளே வந்தார்.

"என்ன இன்ஸ்பெக்டரம்மா, படம் வந்துடுச்சா?"

"மாமா, முதல்ல உட்காருங்க. பத்து மணிக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதா? மறைக்காம சொல்லுங்க."

அவர் திரையைப் பார்த்தார். அவள் கண்ணைப் பார்த்தார். கையும் களவுமாகப் பிடிபட்டவர் போலத் தலையைச் சொறிந்தார்.

"நெஞ்சுக்கு ஒண்ணும் இல்லம்மா. அந்த நேரம் நடந்துட்டுதான் இருப்பேன்."

"நடந்தா வாட்ச் எண்ணியிருக்குமே. வெறும் நாப்பது அடின்னு காட்டுது."

"கையை வீசி நடந்தாதானே அது எண்ணும்? ரெண்டு கையும் கைப்பிடியைப் பிடிச்சிருந்தா அதுக்கு என்ன தெரியும்?"

"என்ன கைப்பிடி?"

"சக்கர நாற்காலி. மெதுவாத்தான் தள்றேன், மேட்டுப் பக்கமே போறதில்ல."

"யாரை உட்கார வச்சுத் தள்றீங்க மாமா?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தெரிஞ்சா நீ ஆபீஸ்ல உட்கார்ந்து அழுவேன்னு, சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்கம்மா. நீ வர முடியாத ஆறு நாளும் உங்கம்மா சுவத்தையே பாத்துட்டு கிடக்கணுமா?"