மேலாளர் சோபோட்டாவின் அடக்கம்

டிரம்பெட்டை உதட்டில் வைத்தாள். பித்தளை ஐஸாக இருந்தது.

எதிரே குழி. குழியின் மேல் போட்ட பலகையில் சவப்பெட்டி. பெட்டிக்குள் சோபோட்டா. நெடுங்காலம் சுரங்கத்தின் மேலாளராக இருந்தவர்.

ஊதப் போவதில்லை.

கல்லறைத் தோட்டத்துக்குள் நுழையும்போதுதான் அப்படி முடிவு செய்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தடுப்பார்கள்.

தெற்குப் போலந்தின் அந்த நிலக்கரி ஊரில் ஒரு வழக்கம் உண்டு. சுரங்கத்தில் வேலை பார்த்தவர் யார் செத்தாலும், மேலாளரோ கூட்டிப் பெருக்குகிறவரோ, பேண்டு வந்து குழிக்கரையில் வாசிக்கும். கறுப்புச் சீருடை. தொப்பியில் சிவப்பு இறகு. சுரங்கத்தை மூடிப் பல வருடம் ஆகிவிட்டது. பேண்டு மட்டும் மிச்சம்.

அவள் புருஷன் அலோய்சிக்குச் சங்கீதம் என்றால் ஆகாது. அவள் வீட்டில் ஊதிப் பழகும்போது காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு சிரிப்பான். அவனுடைய அடக்கத்துக்கும் இதே பேண்டுதான் வாசித்தது. அவளும் நின்று ஊதினாள். பெட்டியில் அலோய்சி இல்லை. அவனுடைய ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு இருந்தது.

முன்வரிசையில் நின்ற சோபோட்டா வெள்ளைக் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். கைக்குட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தது.

அலோய்சி இன்னும் கீழேதான் இருக்கிறான்.

சுரங்கத்துக்குள் தீப்பிடித்தபோது ஐந்து பேர் மாட்டிக்கொண்டார்கள். தீ பரவாமலிருக்கப் பாதையைச் சுவர் வைத்து அடைக்கச் சொன்னார் சோபோட்டா. சுவர் எழுப்பிய ஆட்களுக்கு உள்ளிருந்து சத்தம் கேட்டது. குழாயில் யாரோ தட்டுகிற சத்தம்.

"சூட்டுல இரும்பு முறுக்கிக்கிற சத்தம்யா. வேலையைப் பாருங்க" என்றார் சோபோட்டா.

இரும்பு தாளம் தப்பாமல் முறுக்கிக்கொள்ளுமா?

சுவரால் சுரங்கம் பிழைத்தது என்று அவரைப் பாராட்டினார்கள். மூன்றாம் வருடமே நஷ்டக் கணக்கு காட்டி அவரே அதை மூடினார். ஆம்பிளைகள் ஜெர்மனிக்குப் போய் இறைச்சி வெட்டினார்கள், செங்கல் சுமந்தார்கள். கடைத்தெருவில் மருந்துக்கடையும் பழைய துணிக்கடையும்தான் மிஞ்சின. சுரங்கம் இருந்த இடத்தில் சரக்குக் கிடங்குகள் எழுந்தன. அவற்றுக்கும் சோபோட்டாவே தலைவரானார். அவர் மகன் மேயரானான்.

நேற்று ஒத்திகையில் பேண்டு மாஸ்டர் ஹ்யூபெர்ட் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"நாளைக்கு வாசிக்கலேன்னா மேயர் மானியத்தை நிறுத்திடுவார். இந்த ஹாலும் போயிடும். அப்புறம் பேண்டே கிடையாது. யாராவது ஏதாவது சொல்லணுமா?"

யாரும் வாய் திறக்கவில்லை. அவளும்தான்.

வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவும்போது ஒரு தட்டை உடைத்தாள். கை தவறி அல்ல.

இப்போது பாதிரியார் ஜெபத்தை முடித்துவிட்டார். மேயர் முன்னால் வந்தான்.

"அப்பாவுக்கு ஒவ்வொரு தொழிலாளியோட பெயரும் தெரியும்" என்றான்.

ஐந்தே ஐந்து பெயர் சொல்லடா பார்க்கலாம். குழிக்குப் பக்கத்தில் குவிந்திருந்த மண்ணைப் பார்த்தாள். வாரித் தூற்றக் கை பரபரத்தது. கையில் டிரம்பெட் இருந்தது.

பக்கத்தில் கின்டெர், பெரிய டூபாக் குழலைக் கட்டிப்பிடித்தபடி. அன்று சுவர் எழுப்பியவர்களில் அவனும் ஒருவன். அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பிடிக்காது. இன்றும் பார்க்கவில்லை.

ஹ்யூபெர்ட் கையை உயர்த்தினார்.

நான் ஒருத்தி ஊதாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தாள். அப்படி நினைத்ததிலும் கோபம்தான் வந்தது.

கை இறங்கியது.

சத்தம் வரவில்லை.

தன் காதுதான் அடைத்துக்கொண்டது என்று நினைத்தாள். பிறகு எங்கோ காக்கை கரைந்தது. கயிறு பலகையில் உரசியது.

மெல்லத் திரும்பிப் பார்த்தாள்.

கின்டெரின் வாய் டூபாவில் இருந்தது. கன்னம் உப்பவில்லை. கண்ணீர் மீசைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவனுக்கு அப்பால் கிளாரினெட்காரர்கள், விரல் அசையாமல். பெரிய டிரம்மின் கோல் அந்தரத்தில் நின்றது.

ஒருவரும் இன்னொருவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

"என்ன இது? வாசிங்க!" என்றான் மேயர்.

ஹ்யூபெர்ட் திரும்பவில்லை. அவர் கை ஓயவும் இல்லை. சாவு ஊர்வலப் பாட்டின் தாளத்தை ஒரு இடம் பிசகாமல் காற்றில் போட்டுக்கொண்டே போனார். அவள் தனியாக ஊத வேண்டிய இடம் வந்தது. வழக்கம்போல இரண்டு விரலை நீட்டி அவளைக் கூப்பிட்டார்.

நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள்.

விடவில்லை.

பெட்டி இறங்கியது. அது அடிமண்ணில் உட்கார்ந்த சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது.

ஹ்யூபெர்ட் கையைத் தாழ்த்தினார். குடும்பத்தாருக்கு முறைப்படி தலை குனிந்தார்.

மேயர் அவர் காதருகே வந்தான். அவளுக்கும் கேட்டது.

"சாயங்காலத்துக்குள்ள ஹால் சாவியைக் கொண்டுவந்து கொடுத்துடுங்க."

"சரிங்க" என்றார் ஹ்யூபெர்ட்.

தாங்கியில் இருந்த இசைக்குறிப்புத் தாளைத் திருப்பினார்.

இரண்டாவது பாட்டுக்குக் கையை உயர்த்தினார்.