பைக்கு ஓர் உறை

பச்சைப் பட்டுத் துண்டில் ஜரிகை வெளியே தெரியும்படி ராசம்மா ஒரு சின்னப் பை தைத்துக்கொண்டிருந்தாள். வெற்றிலைப் பை என்று நினைத்துவிடாதீர்கள். அது கணவர் கனகராஜின் சிறுநீர் இறங்கும் பிளாஸ்டிக் பைக்கு உறை.

"யாராச்சும் பாக்க வந்தா அவருக்குக் கூச்சமா இருக்கக் கூடாது பாருங்க மிஸி," என்று தாதியிடம் சொன்னாள்.

மாதம் ஒருமுறை சிறுநீர்க் குழாய் மாற்ற வரும் அந்தத் தாதி லோஷினி, தங்காக் ஊரில் எத்தனையோ வீடுகளைப் பார்த்தவள். பல வீடுகளில் பை தரையில் கிடக்கும், குழாய் தொடைக்கு அடியில் நசுங்கிக் கிடக்கும். இங்கே பை கட்டில் சட்டத்தில், இடுப்புக்குக் கீழே, தரையில் படாமல் தொங்கியது. ராசம்மா கைகழுவாமல் குழாயைத் தொட்டதே இல்லை. எவ்வளவு சிறுநீர் இறங்கியது என்று நான்கு மாதமாக ஒருநாள் விடாமல் பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்திருந்தாள். இப்படி ஒரு மனைவி கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

கனகராஜுக்குத்தான் முகத்தில் ஈயாடவில்லை. நோயில் விழும்வரை வெள்ளிக்கிழமை ஆனால் போதும், பவுடர் பூசி, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு பக்கத்து ஊரான மூவாருக்குக் கிளம்பிவிடுவார். அங்கே ஒரு நாற்காலிக் கடையில் வாரக் கடைசி வேலை. இப்போது காலிடுக்கில் குழாயைத் தொங்கவிட்டுக்கொண்டு எங்கே போவது?

"இதை எப்பத்தான் எடுப்பாங்க மிஸி? மூவார்ல காத்துக்கிட்டிருக்காங்க," என்றார்.

"ஆஸ்பத்திரியில இன்னும் கூப்பிடலையே," என்று ராசம்மா முந்திக்கொண்டாள்.

அவள் இடுப்பில் செருகியிருந்த கைப்பேசி அலறியது. அவருடைய கைப்பேசி அது. எண்ணைப் பார்த்தாள், அணைத்தாள். அவருக்கு ஓய்வு வேண்டும் என்பதால் தானே வைத்திருப்பதாகச் சொன்னாள்.

லோஷினி புதுக் குழாயின் உறையைப் பிரிக்கவில்லை. ஒரு நிமிடம் வாருங்கள் என்று ராசம்மாவை அடுப்படிக்குக் கூட்டிப்போனாள்.

"காலையில நானே ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணேன், ஆன்ட்டி. குழாய எடுக்க ரெண்டு தடவை தேதி கொடுத்திருக்காங்க. ரெண்டு தடவையும் அவரு போன்ல ஒரு பொம்பள எடுத்து, அவரு இந்தியாவுக்குப் போயிட்டாருன்னு சொல்லியிருக்காங்க."



தாதிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. போன மாதம் மூன்று நாள் காய்ச்சலில் அவர் கிடந்ததே இந்தக் குழாயால்தான் என்றாள். தேவையில்லாமல் இன்னும் உள்ளே கிடந்தால் கிருமி சிறுநீரகம்வரை போகும், உயிருக்கே ஆபத்து என்றாள்.

ராசம்மா குழாயடியில் கைகழுவினாள். சோப்புப் போட்டு, விரலிடுக்கெல்லாம் தேய்த்து, லோஷினி சொல்லிக்கொடுத்தபடியே நிதானமாகக் கழுவினாள்.

"இவ்வளவு நல்லா பாத்துக்கிறீங்களே ஆன்ட்டி, அப்புறம் ஏன் இப்படிப் பண்ணீங்க?"

ராசம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லை.

"மூவார்ல கடையெல்லாம் ஒண்ணும் இல்ல மிஸி, இன்னொரு வீடுதான் இருக்கு."