வெளிச் சத்தம்

"ஏதாவது பேசுங்க மேடம்."

ஹெட்ஃபோன் விற்பனையாளர் அவளைப் பார்த்துச் சொன்னார்.

எதிரே ஸ்டூலில் அவள் கணவர். காது இரண்டையும் மூடிய கறுப்பு ஹெட்ஃபோன். கண்களையும் மூடியிருந்தார். ஒரு விரல் கண்ணாடி மேசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. கச்சேரியில் முன்வரிசைக்காரர்கள் அப்படித்தான் உட்காருவார்கள்.

மூன்று வாரமாக வீடியோக்கள் பார்த்துத் தேறி வந்திருக்கிறார். நடு ஸ்தாயியை 'மிட்ஸ்' என்கிறார். 'சவுண்ட் ஸ்டேஜ்' என்கிறார். வயலின்காரர் வில்லைத் திருப்புவதுகூடக் கேட்கிறதாம்.

அடுப்பில் குக்கர் கத்தினால் கேட்காத காது.

"வெளிச் சத்தத்த அப்படியே அமுக்கிரும் மேடம். நீங்க பேசுறது சாருக்குக் கேக்கவே கேக்காது. வீட்ல பேசுற மாதிரியே பேசுங்க." விற்பனையாளரின் சட்டையில் ஆரோக்கியம் என்று பெயர் போட்ட பேட்ஜ் இருந்தது.

வீட்டில் பேசுகிற மாதிரி.

ஒரு மாதமாகப் பாத்திரம் கழுவும்போது சொல்லிச் சொல்லிப் பார்த்தது மட்டும்தான் அவள் வாயில் இருந்தது. அதுவே வந்தது.

"எங்க பேங்க் ஓசூர் கிளைக்கு டிரான்ஸ்ஃபர் வாங்கிட்டேன். திங்கக்கெழம கெளம்புறேன். தனியாத்தான். இனி வரமாட்டேன்."

சொன்னால் என்னவோ ஆகிவிடும் என்று நினைத்திருந்தாள்.

ஒன்றும் ஆகவில்லை. ஏசி ஓடியது. சுவர் முழுக்க இருந்த டிவிகளில் ஒரே மீன் நீந்தியது.

"ஒரு பொட்டு சத்தம் வரல!" என்றார் கணவர். காதை மூடியவர்கள் பேசுவதுபோல உரக்கச் சொன்னதில் மிக்சி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். "பிரமாதம்!"

ஆரோக்கியம் அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தார்.

அடுத்தது வெள்ளை. இந்த முறை ஆரோக்கியம் அவளைப் பேசச் சொல்லவில்லை. கணவர்தான் சொன்னார்.

"இப்பச் சொன்னதையே சொல்லு. அதே சத்தத்துல. வேற வேற சொன்னா எப்படி ஒப்பிட்டுப் பாக்குறது?"

விஞ்ஞானம்.

அவள் அதையே சொன்னாள். அதே சத்தத்தில்.

"இதுலயும் ஒண்ணும் கேக்கல. ஆனா மிட்ஸ் கொஞ்சம் கசங்கியிருக்கு" என்றார், தையற்காரரிடம் குறை சொல்வதுபோல.

மூன்றாவது, விலை குறைந்தது. ஆரோக்கியம் அதைக் கையில் எடுக்கவே இல்லை.

"இது வேணாம் சார். சத்தத்த அமுக்குற வசதி இதுல கெடையாது. உங்க டேஸ்ட்டுக்கு ஒத்து வராது."

"மூணையும் பாக்காம எப்படிப்பா முடிவெடுக்குறது?"

அவரே எடுத்து மாட்டிக்கொண்டார். கண்ணை மூடினார்.

ஆரோக்கியம் அவள் பக்கம் குனிந்தார். "சும்மா ஒண்ணு ரெண்டு எண்ணுங்க மேடம்."

அவள் எண்ணவில்லை.

அதே சொற்கள். அதே சத்தம். மூன்றாவது தடவையில் அது அவளுடையதாகவே இல்லை. பேங்க்கில் டோக்கன் எண்ணைக் கூப்பிடும் குரலில் வந்தது.

கண்ணாடியில் தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது.

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

விரல் மறுபடி தட்டியது. தாளம் தப்பவில்லை.

பாட்டு முடியும்வரை இருந்தார். பிறகு கழற்றினார். காதைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"இதுல வெளிச் சத்தம் உள்ள வருது" என்றார். "மொதல்ல போட்டதையே குடுங்க."

பில் போடும் இடத்தில் கொஞ்சம் வரிசை இருந்தது. இருவரும் நின்றார்கள்.

முறை வந்ததும் அவர் கார்டை நீட்டினார். இயந்திரத்தையே பார்த்துக்கொண்டு அவளிடம் சொன்னார்:

"மூணாவது மாடியில பெட்டியெல்லாம் இருக்குபோல. போய்ப் பாரு. சக்கரம் நல்லா ஓடுறதா எடு. தனியாத் தூக்கணும்ல."