சேதமான பார்சல்

“போன மாசம் லேப்டாப்புன்னான். இப்ப ஷூவா? உனக்கு இன்னாத்துக்குக்கா வெளிநாட்டு ஷூ?”

ஷாஹுல் ஹமீது கேட்டதில் நியாயம் இருந்தது. பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் சுலோச்சனாவின் காலில் கிடந்தது, வார் அறுந்து ஊக்கு குத்திய ரப்பர் செருப்பு. கையில் ஒரு பட்டன் போன். அதை வைத்துக்கொண்டு அவள் ஆன்லைனில் ஷூ வாங்கினாளாம், அது கஸ்டம்ஸில் மாட்டிக்கொண்டதாம், வரி கட்டினால்தான் விடுவார்களாம்.

“நீ அனுப்பு பாய். லேட்டாவுது” என்று நோட்டுகளை மேசைமேல் வைத்தாள். மீன் வாசம் கடை முழுக்க அடித்தது.

மந்தைவெளியில் மொபைல் கடை வைத்திருக்கும் ஷாஹுல், முன்பு இரண்டு தடவை ஒன்றும் விசாரிக்காமல் தன் போனிலிருந்து அவள் காட்டிய கணக்குக்கு அனுப்பிவிட்டான். அவள் காதில் தோடு காணாமல் போன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. இன்று விடுவதாக இல்லை.

“அக்கா, நானே வெளிநாட்டுலேர்ந்து ஸ்பேர் பார்ட்ஸ் வரவழைக்கிறவன். போன வாரம் வந்த டிஸ்ப்ளேக்கு வரியைப் போட்டு என் லாபத்தையே முழுங்கிட்டாங்க. ஆனா ரசீது குடுத்துதான் வாங்குவாங்க. எவனோ ஒருத்தன் பேர்ல பணம் போடுன்னு எந்தக் கஸ்டம்ஸ்காரனும் போன் பண்ணமாட்டான். இது ஃபிராடுக்கா!”

“பரவால்ல நைனா. நீ அனுப்பு.”

“இன்னா பரவால்ல? வா, ஸ்டேஷனுக்குப் போலாம். நானே கூட வரேன்.”

“அங்கெல்லாம் போயாச்சு பாய். எழுதி வாங்கினு அனுப்பிட்டாங்க.”

புகாரும் கொடுத்துவிட்டு, திருடனுக்குப் பணமும் அனுப்புகிற ஒருத்தியை ஷாஹுல் இதுவரை பார்த்ததில்லை.

காரணம் புரியாமலும் இல்லை. அவள் மகன் டில்லிபாபு, கம்ப்யூட்டர் வேலை என்று ஒரு ஏஜெண்டை நம்பித் தாய்லாந்துப் பக்கம் போனவன். ஷாஹுல் இங்கே கடை போட்டதே அதற்குப் பிறகுதான், அவனைப் பார்த்ததில்லை. பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டால் சுலோச்சனா பேச்சை மாற்றிவிடுவாள். வெளிநாட்டுப் பார்சல் என்றதும் பிள்ளை அனுப்பியதோ என்று மனசு அடித்துக்கொள்கிறது, பாவம்.

அவள் போன் அடித்தது. அவள் பேச ஆரம்பிப்பதற்குள் ஷாஹுல் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டான்.

“மேடம், கஸ்டம்ஸ் ஆபீஸ்லேர்ந்து பேசறோம். உங்க பார்சல் இன்னும் இங்கதான் இருக்கு.”

“சொல்லு சார். பார்சல் நல்லா கீதா?”

எதிர்முனையில் சின்னத் தயக்கம். “கொஞ்சம் டேமேஜ் ஆயிருக்கு மேடம்.”

“போன தபாவே டேமேஜுன்னியே சார்…” என்றவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

“இன்னிக்கே வரி கட்டிடுங்க மேடம். ப்ளீஸ் மேடம்.”

கண்ணால்கூடப் பார்க்காத ஒரு ஷூவுக்காக இப்படி அழுகிறாளே என்று ஷாஹுலுக்கு ஆத்திரம் வந்தது. மிரட்டுகிற திருடர்களைப் பற்றி எவ்வளவோ கேள்விப்பட்டிருக்கிறான். இவன் கெஞ்சுகிறான், புது ரகம். இதற்கு மேல் பொறுக்க முடியாமல் போனைப் பிடுங்கினான்.

“டேய்! மீன் வித்து வயித்தக் கழுவுறவகிட்டயாடா உன் வேலையக் காட்டுற? நீ பேசறதெல்லாம் ரெக்கார்டு ஆயிகினு கீது. பக்கத்துலயே போலீஸ் நிக்கிது. உன்னைப் பெத்தவ இதைக் கேட்டா காறித் துப்புவாடா!”

“பாய், வாணாம் பாய்!” என்று சுலோச்சனா அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

எதிர்முனையில் “மேடம்…” என்று ஆரம்பித்த குரல் பாதியில் நின்றது. பிறகு வேறு யாரோ புரியாத பாஷையில் கத்தினார்கள். எதுவோ உருண்டு விழுந்த சத்தம். போன் அணைந்தது.

ஷாஹுல் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தி முகத்தில் வழிந்தது.

“முடிஞ்சுதுக்கா. போலீஸ்னு காதுல விழுந்தாப் போதும், அந்த நம்பரையே லிஸ்ட்லேர்ந்து தூக்கிடுவானுங்க. இனிமே உனக்குப் போனே வராது.”

சுலோச்சனா போனை வாங்கி, வந்த நம்பருக்கே திரும்ப அடித்தாள். அப்படி ஒரு நம்பரே இல்லை என்று ஒரு பெண் குரல் இங்கிலீஷில் சொன்னது. மறுபடி அழுத்தினாள். அதே குரல் அதையே சொன்னது. அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனாலும் கடைசிவரை கேட்டாள்.

ஷாஹுல் நோட்டுகளை அடுக்கி அவள் பக்கம் தள்ளினான். “எடுத்துக்கினு வீட்டுக்குப் போக்கா. மொதல்ல தோட்டை மீட்டுக் காதுல போடு.”

அவள் நோட்டுகளைத் தொடவில்லை.

“துட்டு வரலைன்னா அடிப்பானுங்க நைனா.”

“உன்னையா? எவன் இங்க வந்து உன்மேல கை வெக்கிறான்னு நானும் பாக்கறேன்!”

“என்னை இல்ல பாய். இப்ப திட்டினியே, அவனை. அங்க அடைச்சு வெச்சு இப்டி பேச வெக்கிறானுங்க. அது என் டில்லிபாபு.”